தூக்குமேடை ஏறிய தொழிற்சங்கத் தலைவர்: மலாயா கணபதி

மத்திய அமெரிக்க நாடுகளின் அரசியலைப் பற்றிப் படிக்கும்போது 'வாழைப்பழக் குடியரசு' என்ற சொல் நம் கண்ணில் படாமல் போகாது. ஹோண்டுராஸ், குவாத்தமாலா போன்ற நாடுகளில் அமெரிக்கப் பழ நிறுவனங்கள் பெருந்தோட்டங்களை மட்டும் வைத்திருக்கவில்லை. இரயில் பாதையும் துறைமுகமும் தந்தி நிலையமும்கூட அவற்றின் கையில் இருந்தன. ஆட்சியில் யார் அமர்வது என்பதிலும் அவற்றின் விருப்பம் செல்லுபடியானது. நிலத்தை வைத்திருப்பவனே நாட்டையும் வைத்திருந்தான் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள்.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை. குன்றின் மேல் துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், அதற்கும் கீழே லயங்கள். மருந்தகம், ஆயக்கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் எல்லாமே தோட்டத்து எல்லைக்குள். பொழுது விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வேலை போனால் வீடும் போகும். இப்படித்தான் பத்தாங் பெர்ஜுந்தையிலும், புக்கிட் ரோத்தானிலும், ஈஜோக்கிலும், ரவாங்கிலும், உலு சிலாங்கூரிலும் நம் முன்னோர் வாழ்ந்தனர். கோலாலம்பூரில் ஓர் அரசாங்கம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு பால்மரத் தொழிலாளியின் அன்றாட வாழ்வை ஆண்டது தோட்ட நிர்வாகமே.

அந்தச் சின்னஞ்சிறு அரசாங்கத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று சொன்னவர்களுள் ஒருவர் எஸ். ஏ. கணபதி. மலாயா கணபதி என்று தமிழகமும் மலேசியமும் அறிந்த அவர் கைது செய்யப்பட்டது நம் வட சிலாங்கூர் மண்ணில், ரவாங்கிலுள்ள வாட்டர்ஃபால் தோட்டத்தில். தூக்கிலிடப்பட்டது கோலாலம்பூர் புடு சிறையில். நம் வட்டார மாணவர்கள் பலருக்கு அவர் பெயர் தெரியும், வாழ்க்கை தெரியாது. தெரிந்தவர்களும் தியாகி என்றோ பயங்கரவாதி என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அந்த ஒரு சொல்லைத் தாண்டிச் சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தம்பிக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு

கணபதி தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே சிங்கப்பூருக்கு வந்து அங்கேயே கல்வி கற்றார். தஞ்சை மண்ணிலிருந்து கப்பலேறி வந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள் இரப்பர் தோட்டங்களுக்குச் சென்றபோது, கணபதி ஒரு துறைமுக நகரத்தில் வளர்ந்தார். சீனர், மலாய்க்காரர், தமிழர், மலையாளி எனப் பல இனத் தொழிலாளர்கள் ஒரே தெருவில் நடமாடிய நகரம் அது. பிற்காலத்தில் அவர் கட்டிய தொழிற்சங்க இயக்கம் இன எல்லைகளைக் கடந்து நின்றதற்கு, இந்தச் சிங்கப்பூர் வளர்ப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அவர் வளர்ந்த காலத்தில் தீபகற்பத்தின் மேற்குக் கரையெங்கும் காடுகள் தோட்டங்களாகிவிட்டிருந்தன. முதல் போட்டவர்கள் லண்டனிலும் ஐரோப்பாவின் பிற நகரங்களிலும் இருந்தனர். கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபாக்கோனியர் என்ற பிரெஞ்சுக்காரர் நட்ட செம்பனையே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். உலகச் சந்தையில் இரப்பர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதன் அதிர்வு முதலில் வந்து விழுந்த இடம் லயத்துத் தொழிலாளியின் சம்பளம். விலை இறங்கினால் கூலி குறையும். மேலும் இறங்கினால் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டபோது இதுதான் நடந்தது. கூலியுயர்வு பற்றிய பேச்சுகள் முறிந்த நிலையில், 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தையே தடை செய்தது.

சைக்கிளைவிட்டு இறங்காத உரிமை

கணபதியின் காலத்துக்குச் சற்று முன்னர் நடந்த ஒரு போராட்டத்தை இங்குச் சொல்லாமல் அவருடைய வாழ்வை விளக்க முடியாது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் அன்றைய தோட்டத்தின் ஆட்சிமுறை நமக்குக் கண்ணாடி போல் தெரிந்துவிடும்.

சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி வேண்டும் என்று கேட்டனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், நல்ல மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றனர். துரைமாரும் அதிகாரிகளும் பெண் தொழிலாளர்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்றனர். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்றனர். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைக்கார நிர்வாகியோ கிராணியோ எதிரில் வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது.

கூலிக் கோரிக்கையைக் காட்டிலும் இந்தச் சைக்கிள் கோரிக்கைதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. கூலி என்பது வயிற்றைப் பற்றியது. சைக்கிளில் அமர்ந்தபடியே போவது, நானும் ஒரு மனிதன் என்பதைப் பற்றியது.

அரசாங்கத்தின் மறுமொழி கடுமையாக இருந்தது. 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார்; பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தோட்ட நிர்வாகமும் நாட்டு அரசாங்கமும் வேறு வேறல்ல என்பதைச் சிலாங்கூர்த் தமிழர்கள் அன்று நேரில் கண்டனர்.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். ஆண்டாண்டு காலமாக அசைக்க முடியாதவர்கள் என்று நம்பப்பட்ட துரைமார் சில வாரங்களில் தோட்டங்களை விட்டு ஓடினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகள் தோட்டத் தமிழர்களுக்குப் பெருந்துயரமாக அமைந்தன. சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரம் பேர் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று.

ஆனால் அதே காலம் ஒரு புதிய துணிவையும் தந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்ற இளைஞர்கள் அணிவகுப்பில் நிமிர்ந்து நின்றனர். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். கணபதியும் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றினார். போர் முடிந்து வெள்ளையர் திரும்பி வந்தபோது அவர்கள் எதிர்கொண்டது 1941ஆம் ஆண்டின் தொழிலாளியை அல்ல. கட்டளையிடவும் அணிதிரளவும் பழகிய ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. தோட்டத் தொழிற்சங்கங்களின் முதல் வரிசைத் தலைவர்களில் பலர் இந்த இராணுவத்திலிருந்து வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

சம்மேளனத்தின் தலைவர்

போருக்குப் பின் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி வெளிப்படையாக இயங்கியது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடியதால் அதற்குச் செல்வாக்கு இருந்தது. அதன் முன்முயற்சியில் தொழிலாளர் சங்கங்கள் நாடெங்கும் தோன்றி ஒரே குடையின் கீழ் இணைந்தன. அதுவே அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம். கணபதி கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்திருந்தார். இதை மறைத்து அவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 1947ஆம் ஆண்டு அவர் சம்மேளனத்தின் தலைவரானார். அப்போது அதன் கீழிருந்த சங்கங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். பதிவு பெற்ற சங்கங்களில் பெரும்பான்மை அதனுடன் இணைந்திருந்தன.

சீனர்கள் பெருமளவில் இருந்த ஓர் அமைப்பின் தலைமைப் பொறுப்பில் ஒரு தமிழர் அமர்ந்தது அன்றைய மலாயாவில் சாதாரண செய்தியல்ல. சுரங்கம், துறைமுகம், இரயில்வே, தோட்டம் எனப் பல துறைத் தொழிலாளர்களின் கோரிக்கைகள் ஒரே மேசைக்கு வந்தன. எட்டு மணி நேர வேலை, சம வேலைக்குச் சம ஊதியம் என்பவை அவற்றுள் முதன்மையானவை.

சம்மேளனம் கூலியோடு நிற்கவில்லை. 1946 ஏப்ரல் 1ஆம் நாள் மலாயன் யூனியன் அமைக்கப்பட்டது. மலாய்க்காரர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயா கூட்டரசு உருவானது. புதிய ஏற்பாட்டில் குடியுரிமை விதிகள் இறுக்கமாயின. இங்கேயே உழைத்து இங்கேயே மடியப்போகும் இந்தியத் தொழிலாளி இந்நாட்டின் குடிமகனா, வந்துபோகும் கூலியா என்ற கேள்வி எழுந்தது. பல இனக் கட்சிகளும் அமைப்புகளும் கூடி மக்கள் அரசியலமைப்பு ஒன்றை முன்வைத்தன. அந்தக் கூட்டணியில் சம்மேளனமும் இருந்தது. ஜான் திவி தலைமையிலிருந்த மலாயா இந்தியக் காங்கிரசும் இருந்தது. 1947 அக்டோபர் 20ஆம் நாள் நாடு முழுவதும் கடையடைப்பு நடந்தது. ஆனால் அந்த யோசனைகளை அரசாங்கம் ஏற்கவில்லை.

இங்குதான் கணபதியின் பணியின் முழுப் பொருளும் விளங்குகிறது. லயத்தில் வாழ்ந்தவனை வெறும் கூலியாகப் பார்க்காமல், நாட்டின் ஆட்சியில் பங்குடையவனாகப் பார்த்தது அவ்வியக்கம். தோட்டத்து எல்லைக்குள் அடைபட்டிருந்த தமிழனை நாட்டு அரசியலுக்குள் அழைத்து வந்தது.

சட்டம் மாறிய மாதம்

பிரிட்டனுக்கு இது பொறுக்கக்கூடியதாக இல்லை. போரினால் கடனாளியாகியிருந்த அந்நாட்டுக்கு அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. அதன் பேரரசில் அதிக டாலர் ஈட்டித் தந்தது மலாயாவின் இரப்பரும் ஈயமுமே. வேலைநிறுத்தம் ஒவ்வொன்றும் லண்டன் கருவூலத்தைத் தொட்டது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சங்கங்களில் சேர மறுத்தவர்களும் வேலைநிறுத்தத்தை மீறியவர்களும் மிரட்டப்பட்ட நிகழ்வுகள் இருந்தன. வன்முறையும் நடந்தது. கட்சி, தொழிற்சங்கங்களைத் தன் அரசியலுக்குப் பயன்படுத்துகிறது என்ற அரசாங்கத்தின் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று கூறிவிட முடியாது.

ஆனால் அரசாங்கம் மிரட்டியவர்களை மட்டும் தண்டிப்பதோடு நிற்கவில்லை. சங்கங்களின் அடித்தளத்தையே மாற்றியது. 1948ஆம் ஆண்டின் நடுவில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு சங்கத்தின் பொறுப்பாளர், செயலாளர் நீங்கலாக, அத்தொழிலில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். சில குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர் பொறுப்பு வகிக்க முடியாது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாக இணையலாம். மூன்றாவது விதியே மிக ஆழமானது. தோட்டத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஒன்றாக நிற்பதே சட்டவிரோதமாயிற்று. ஜூன் மாதத்தில் சம்மேளனம் சட்டப்படி இல்லாமல் போனது. ஒரு வரி திருத்தத்தில் கணபதி தலைவர் பதவியை இழந்தார்.

அதே ஜூன் 16ஆம் நாள் பேராக் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூன் 18ஆம் நாள் அவசரகாலம் கூட்டரசு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. விசாரணையின்றிச் சிறைவைக்க அதிகாரம் வந்தது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்ற விதியும் வந்தது. நகரத்தில் பகிரங்கமாக நடமாடிய தொழிற்சங்கத் தலைவர்கள் சிறை, நாடு கடத்தல், காடு என்ற மூன்றில் ஒன்றை எதிர்நோக்க வேண்டியிருந்தது. கணபதி தலைமறைவானார்.

வட சிலாங்கூர் அந்த ஆண்டில்

நம் வட்டாரம் அப்போது போர்க்களத்தின் விளிம்பில் இருந்தது. 1948 ஜூலையில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் தாக்கப்பட்டது. டிசம்பர் 12ஆம் நாள் பத்தாங் காலிக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் ஆயுதமற்ற 24 கிராமவாசிகளைப் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டுக் கொன்றனர். அந்தக் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறின. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது.

இத்தகைய அச்சம் நிலவிய காலத்தில், 1949 மார்ச் 1ஆம் நாள், ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. துப்பாக்கியை அவர் வழியில் கண்டெடுத்து ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தார் என்று அவர்பால் பரிவுடையோர் இன்றுவரை கூறிவருகின்றனர். காட்டுக்குச் சென்ற கட்சிக்காரர் கையில் ஆயுதம் இருப்பதில் என்ன வியப்பு என்று கேட்போரும் உண்டு. இரண்டில் எதை நம்பினாலும் ஒன்று மட்டும் மாறாது. யாரையும் சுட்டதற்காக அவர் மீது வழக்கு நடக்கவில்லை. ஆயுதம் வைத்திருந்ததற்காகவே நடந்தது. அதே மார்ச் மாதத்திலேயே கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடு ஏப்ரலில் தள்ளுபடியானது. கருணை காட்டுமாறு விடுத்த வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை.

மே 3ஆம் நாள், சிங்கப்பூர்த் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் தஞ்சை மண்ணின் மைந்தரே. மறுநாள் மே 4, விடியற்காலையில் கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதான நாளிலிருந்து 64 நாட்கள்.

இரண்டு தமிழர், ஒரே சட்டம்

இந்த 64 என்ற எண்ணை எடைபோட, இன்னொரு வழக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜொகூரில் தொழிற்சங்கப் பணியாற்றிய சாம்பசிவம் என்ற தமிழ் இளைஞர் 1948 செப்டம்பரில் ஆயுதம் வைத்திருந்ததாகக் கைதானார். முதல் விசாரணையில் தோட்டா பற்றிய குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி பற்றிய குற்றச்சாட்டுக்கு மறுவிசாரணை நடந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. இங்குள்ள மேல்முறையீடும் தோற்றது. ஆனால் அவருக்காக இந்தியாவிலும் பிரிட்டனிலும் குரல் எழுந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு குற்றச்சாட்டில் கிடைத்த விடுதலையை அடுத்த விசாரணையில் இல்லாததுபோல் நடத்தக்கூடாது என்று அம்மன்றம் கூறி, 1950ஆம் ஆண்டு தண்டனையை நீக்கியது. சாம்பசிவம் உயிர் தப்பினார். அந்தத் தீர்ப்பு இன்றும் பல நாடுகளின் சட்ட நூல்களில் எடுத்தாளப்படுகிறது.

இரு வழக்குகளின் விவரங்களும் ஒன்றல்ல. கணபதியும் லண்டன் சென்றிருந்தால் தப்பியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாம்பசிவத்துக்குக் காலம் கிடைத்தது. அக்காலத்தில் சட்டத்தின் பிழை கண்டறியப்பட்டது. கணபதிக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை. அவருடைய வழக்கு பிரிவி கவுன்சிலின் விசாரணைக்குச் செல்லாமலேயே முடிந்தது. மரண தண்டனையில் அவசரம் காட்டினால் பிழையைத் திருத்தும் வாய்ப்பும் மனிதனோடு சேர்ந்தே புதைந்துவிடும்.

இந்தியா கேட்டும் கிடைக்கவில்லை

கணபதியின் உயிரைக் காக்க இந்திய அரசு முயன்றது. மலாயாவில் இந்தியாவின் பிரதிநிதியாக அப்போது இருந்தவர், முன்பு மலாயா இந்தியக் காங்கிரசின் முதல் தலைவராக இருந்த அதே ஜான் திவி. லண்டனில் இந்தியத் தூதராக இருந்தவர் வி. கே. கிருஷ்ண மேனன். 1949 ஏப்ரல் இறுதியில் பிரதமர் நேரு லண்டனில் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். குடியரசாகப் போகும் இந்தியா காமன்வெல்த்தில் தொடர்வது என்று அந்த மாநாட்டில் முடிவாயிற்று. இரு நாடுகளும் நட்புக்குக் கைகொடுத்து ஒரு வாரம்கூடச் சரியாக முடிந்திராத நிலையில் தூக்குக்கயிறு இறங்கியது.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழகத்தில், பெருங்கண்டனம் எழுந்தது. பின்னாளில் தமிழக முதல்வரான மு. கருணாநிதி 'கயிற்றில் தொங்கிய கணபதி' என்ற சிறுநூலை எழுதினார். ஆனால் மலாயாத் தமிழர்களுக்கு அந்தச் செய்தி கூறிய பாடம் வேறு. சுதந்திர இந்தியாவின் குரலே எட்டாத இடத்தில் லயத்துக் கூலியின் குரல் எங்கே எட்டப்போகிறது?

கயிறு விட்டுச்சென்ற அமைதி

அதன்பின் தோட்டப்புறத்தில் ஓர் அமைதி நிலவியது. அரசாங்கம் அதைச் சட்டம் ஒழுங்கு என்றது. எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் அதை 'அவசரகாலம்' என்ற ஒரே சொல்லால் சொல்வார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி, மாலையானால் ஊரடங்கு, வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லத் தடை, வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்விடக்கூடாது என்பதற்காக உழைப்பவன் பட்டினியோடு மரம் வெட்டினான். இவற்றையெல்லாம் விளக்கமாகச் சொன்ன அதே பெரியவர்கள், சங்கம், கட்சி, கணபதி என்று பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நாடு விடுதலையடைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அவர்களுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆட்சியாளருக்கும் அந்தக் காலம் பாதுகாப்பானதாக இல்லை. கணபதி தூக்கிலிடப்பட்டபோது உயர் ஆணையராக இருந்த சர் ஹென்றி கர்னி, 1951 அக்டோபர் 6ஆம் நாள், கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு கொலை இன்னொன்றால் நேராகிவிடாது. சட்டமும் காடும் மாறி மாறிக் கொன்ற காலம் அது. இடையில் நசுங்கியவர்கள் தோட்டத்து மக்கள்.

தொழிற்சங்கம் முற்றாக அழிந்துவிடவில்லை. அரசாங்கம் அனுமதித்த வரம்புக்குள் அது மறுபடியும் முளைத்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் அதை நீண்டகாலம் வழிநடத்தினார். பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், தொழில் நீதிமன்றம் என்ற பாதையில் பல நன்மைகளைப் பெற்றுத் தந்தது. அந்தப் பணியைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. இருப்பினும், தோட்டத் தொழிலாளிக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச மாத ஊதியம் என்பது 2013ஆம் ஆண்டில்தான் வந்தது. தீபகற்ப மலேசியாவில் அது 900 ரிங்கிட்டாக இருந்தது. கணபதி இறந்து 64 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்களாக எண்ணிய அதே எண், ஆண்டுகளாக மீண்டும் வந்து நிற்கிறது.

குவாத்தமாலாவின் கண்ணாடியில்

தொடக்கத்தில் குறிப்பிட்ட மத்திய அமெரிக்காவை இங்கு மறுபடியும் நினைக்க வேண்டியிருக்கிறது. கணபதி சம்மேளனத் தலைவரான அதே 1947ஆம் ஆண்டில், குவாத்தமாலாவில் அதிபர் அரேவாலோவின் அரசு தொழிலாளர் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளிக்கும் சங்கம் அமைக்கும் உரிமை பிறந்தது. அடுத்து வந்த அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ் 1952இல் நிலச்சீர்திருத்தம் செய்தார். பயிரிடாமல் கிடந்த பெருநிலங்கள் ஏழை விவசாயிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. யுனைடெட் ஃபுரூட் நிறுவனத்தின் நிலமும் அதில் அடங்கியது. 1954 ஜூனில் அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு அவருடைய ஆட்சி கவிழ்க்கப்பட்டது. சங்கங்களின் பதிவு நீக்கப்பட்டது; நிலம் திரும்பப் பெறப்பட்டது. கம்யூனிசத்தை ஒழிப்பதாகவே அங்கும் காரணம் சொல்லப்பட்டது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 வரை அந்நாட்டை வாட்டியது.

நம் நாடு அந்த அளவுக்குச் சென்றுவிடவில்லை என்பதில் ஆறுதல் கொள்ளலாம். 1957இல் விடுதலை பெற்றோம். 1960இல் அவசரகாலம் முடிந்தது. ஆனால் இரு நாடுகளின் கதையிலும் ஒரே படிக்கட்டைக் காண்கிறேன். முதலில் ஏழைத் தொழிலாளி சட்டத்தின் வழியாகவே தன் உரிமையைக் கேட்கிறான். பிறகு அந்தச் சட்டமே மாற்றப்படுகிறது. வழி அடைபட்ட பின் சிலர் ஆயுதத்தை நாடுகின்றனர். அந்த ஆயுதத்தைக் காட்டியே முதலில் கேட்ட நியாயமான கோரிக்கையும் குற்றமாக்கப்படுகிறது. கணபதியின் வாழ்வை வாட்டர்ஃபால் தோட்டத்துத் துப்பாக்கியிலிருந்து தொடங்கிப் படித்தால் அவர் குற்றவாளியாகத் தெரிவார். 1941ஆம் ஆண்டின் சைக்கிளிலிருந்து தொடங்கிப் படித்தால்தான் அவர் யார் என்பது விளங்கும்.

அவரை எப்படி நினைவுகூர்வது?

கணபதியைத் தெய்வமாக்கத் தேவையில்லை. அவர் சேர்ந்த கட்சி தேர்ந்தெடுத்த ஆயுதப் பாதை எண்ணற்ற உயிர்களைப் பலிகொண்டது. அதில் அப்பாவித் தொழிலாளர்களும் அடங்குவர். அப்பாதையை நான் ஏற்கவில்லை. அதே வேளையில், இரண்டரை லட்சம் உழைப்பாளிகள் நம்பித் தலைமை தந்த ஒருவரை, ஒரு துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் மட்டுமே கொண்டவராக வரலாற்றில் விட்டுவைப்பதும் நியாயமாகாது.

இன்று புடு சிறை இல்லை. 2010 முதல் 2012 வரை அது கட்டம் கட்டமாக இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் வணிகக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிவிட்டது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கட்டாய மரண தண்டனையை நம் நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் நீக்கியது. ஒரு மனிதனின் உயிரைப் பறிக்கும் முன் நீதிபதி சூழ்நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது இப்போது நம் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

பல்கலைக்கழகத்தில் பயிலும் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாம் இன்று அஞ்சாமல் நூலகம் செல்கிறோம். பழைய நாளிதழ்களைப் புரட்டுகிறோம். அரசாங்கத்தைப் பற்றி எழுதுகிறோம். நம் தாத்தா பாட்டிகள் குரலைத் தாழ்த்திப் பேசிய பெயரை நாம் உரத்துச் சொல்லலாம். அவரவர் வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் அமர்ந்து, அவசரகாலத்தில் தங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வைப்போமாக. ரவாங்கிலும் பத்தாங் காலியிலும் கோலசிலாங்கூரிலும் அந்த நினைவுகளைச் சுமப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அவர்களும் போய்விட்டால், கணபதியைப் பற்றி நமக்கு மிஞ்சப்போவது அவரைத் தூக்கிலிட்டவர்கள் எழுதிவைத்த கோப்பு மட்டுமே.